கள்ள இறால்: திருகோணமலைத் துறைமுகத்தின் சின்னச் சரித்திரம் ஒன்று

போன வருசம் ஒரு பின்னேரம் கடல்மாமாவுக்கு என்ர போனில் ஒரு வீடியோ காட்டினன். அம்மாவின் தூரத்து உறவில் மாமா முறையானவர். திருக்கடலூரில் இருக்கிறார். ஐம்பது வருசத்துக்கு மேல் தொழில் செய்தவர் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவர் கடல்மாமாதான். வீடியோவில் அமெரிக்காவில் ஒரு ஏலம். மேசையில் ஒரு விரல் நீளத்துக்கு மரத்தால் செய்த மீன். கண்ணாடிக் கண், உரிந்த பச்சைப் பெயின்ற், வயிற்றில் மூன்று தூண்டில். விலை ஆயிரக்கணக்கான டொலரில் ஏறிக்கொண்டே போகுது.

மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மீனைப் பேக்காட்டச் செய்த சாமான், இப்ப மனுசரைப் பேக்காட்டுது" என்றார். பிறகு எழும்பிப்போய், சாமிப்பட மாடத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு மர இறால்.

என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். முதுகில் நெருப்பால் சுட்ட கறுப்புக் கோடுகள். கண்ணுக்கு இரண்டு பாசிமணி. தாடைக்குக் கீழே ஈயத்துண்டு. வாலில் முள் இல்லாத கூர்க்கம்பிகள், மேல்நோக்கி வளைந்து ஒரு சின்னக் கிரீடம் மாதிரி. சைக்கிள் கம்பியை அராவிச் செய்தது என்றார். மரம் முள்முருக்கு.

"இது கணவாய்க்கு. நான் கள்ள இறால் எண்டுதான் சொல்லுவன். இதுக்கு எவ்வளவு தருவாங்கள் உந்த வெள்ளைக்காரர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

சேர்ப்பவர்களின் உலகம்

மரத்தாலான பழைய பொய்யிரைகளைச் சேர்ப்பது அமெரிக்காவில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்றே ஒரு தேசிய சங்கம் 1976 முதல் இயங்குகிறது. அவர்கள் அதிகம் தேடுகிற பெயர்களில் ஒன்று ஹெடன். மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் என்ற சிற்றூரில், ஜேம்ஸ் ஹெடன் என்பவர் 1898 அளவில் ஒரு குளத்தருகே நண்பருக்காகக் காத்திருந்தபோது, கையிலிருந்த மரத்துண்டைச் செதுக்கித் தண்ணீரில் எறிந்தாராம். உடனே ஒரு பெரிய மீன் அதன்மேல் பாய்ந்ததாம். உண்மையோ கட்டுக்கதையோ, அந்தக் கதையோடுதான் அவர்களுடைய கொம்பனி வளர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மரப் பொய்யிரை அங்கே ஒரு தொழிற்சாலைப் பொருளாகியது.

சேர்ப்பவர்கள் இவற்றின் வயதைக் கணிக்கும் விதம் சுவையானது. முதலில் கண்ணைப் பார்ப்பார்கள். கண்ணாடிக் கண் என்றால் பெரும்பாலும் பழையது. பெயின்றால் வரைந்த கண் பெரும்பாலும் பிந்தியது. அடுத்து தூண்டிலை உடலோடு பிணைக்கும் உலோகப் பகுதி. ஒவ்வொரு கொம்பனியும் சில வருசத்துக்கு ஒருமுறை அதை மாற்றியதால், அதை வைத்தே காலத்தைச் சொல்லலாம். பிறகு பெயின்றின் வெடிப்பு. கடைசியாகப் பெட்டி. பொய்யிரை வந்த கடதாசிப் பெட்டியும் கிழியாமல் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிளாஸ்ரிக் பரவ, மரம் பின்னுக்குப் போனது. வழக்கொழிந்த பிறகுதானே எதுவும் 'பழம்பொருள்' ஆகிறது.

விலையின் உச்சத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. 1859இல் ரைலி ஹஸ்கெல் என்ற ஒஹாயோக்காரர் மீன் வடிவப் பொய்யிரை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது மரமல்ல, செம்பு. அவர் செய்த பெரிய அளவு மீன் ஒன்று 2003இல் ஏலத்தில் ஒரு லட்சம் டொலரைத் தாண்டிப் போனது.

இந்த உலகத்தில் என் மனதுக்கு நெருக்கமான கதை பின்லாந்தினுடையது. லௌரி ரபலா பணக்காரப் பொழுதுபோக்காளர் இல்லை, ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்த தொழிலாளி. கூட்டத்தில் காயப்பட்டுத் தடுமாறி நீந்தும் சின்ன மீனைத்தான் பெரிய மீன் முதலில் குறிவைக்கிறது என்பதைத் துடுப்புவலிக்கும்போது கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி அதேபோலத் தடுமாறும் மீன் ஒன்று செய்தார். வெளிப்பூச்சுக்கு வழியில்லை. சொக்லேற் சுற்றிவந்த ஈயத்தாளை ஒட்டி, பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். இன்று அவருடைய பெயர் உலகம் முழுக்கக் கடைகளில் தொங்குகிறது.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நாங்களும் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுத்தித்தான் பாரைக்கு இழுத்தனாங்கள். அதுக்கு ஆர் பேர் வைச்சது?"

இதுதான் விசயம். ஒரே பொருள், ஒரே மூளை, ஒரே கஷ்டம். ஒரு இடத்தில் அதற்குப் பெயரும் பெட்டியும் ஆண்டும் இருக்கின்றன. இன்னொரு இடத்தில் அது சாமிப்படத்துக்குப் பின்னால் துணிப் பொட்டலத்தில் கிடக்கிறது.

இரைமரம்

சரி, மாமாவின் இறாலுக்கு வருவம். அதன் வடிவம் எங்கிருந்து வந்தது?

கணவாய்க்கு மர இறால் போடும் கலையின் பேர்பெற்ற ஊர் யப்பானின் தெற்குப் பக்கம். இன்று ககோஷிமா என்று சொல்லப்படும் சற்சுமா நாடும் அதைச் சேர்ந்த அமாமி தீவுகளும். அங்கே இதன் பெயர் 'எகி'. எ என்றால் இரை, கி என்றால் மரம். இரைமரம். அங்கேயும் ஒரு தொடக்கக் கதை உண்டு. இரவில் தீப்பந்தத்தோடு மீன்பிடித்தவர்கள் எரிந்த கட்டையொன்றைத் தவறிக் கடலில் விட்டார்களாம். ஒரு கணவாய் வந்து அதைக் கட்டிப்பிடித்ததாம். அதிலிருந்துதான் மரத்தைச் சுட்டுக் கறுப்பு வரிபோடும் பழக்கம் வந்தது என்பார்கள். தொடக்கத்தில் மீன்வடிவம், பிறகு இறால்வடிவம். சற்சுமாவின் சாமுராய்கள்கூட இதைச் செய்வதையும் போடுவதையும் ஒரு பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார்கள். பழைய எகிகளை அங்கே இப்போது கலைப்பொருளாக மதிக்கிறார்கள்.

ஹெடனின் மரத்துண்டும் இந்த எரிந்த கட்டையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன பாருங்கள். ரெண்டு கதையிலும் மனிதன் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மரம் தற்செயலாகத் தண்ணீரில் விழுகிறது, கண்டுபிடிப்பது மீனும் கணவாயும்தான்.

எகியைக் கொண்டு யப்பானில் பிடிப்பது உடலின் இருபுறமும் நீளச் செட்டை உள்ள, பார்களை அண்டி வாழும் பெரிய கணவாய். அதே இனம்தான் இந்து சமுத்திரம் முழுக்க, எங்கள் கரையிலும் வாழ்கிறது. அதனால்தான் சற்சுமாவில் பலித்த வடிவம் இங்கேயும் பலிக்கிறது. இண்டைக்குத் திருகோணமலைக் கடைகளில் தொங்குகிற பிளாஸ்ரிக் இறால்கள் எல்லாம் அந்த இரைமரத்தின் பேரப்பிள்ளைகள்.

வேலைசெய்யும் விதம் இப்படி. ஈயம் முன்பக்கம் இருப்பதால் இறால் தலைசரிந்து மெல்ல இறங்கும். நூலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் மேலே துள்ளும். பிறகு விட்டுவிட வேண்டும். இறங்கும்போதுதான் கணவாய் வந்து நீளக்கைகளால் அணைக்கும். முள் கிடையாது என்பதால் நூல் தளரக்கூடாது, தளர்ந்தால் கழன்றுவிடும். ஆனால் வள்ளத்துக்குள் ஏற்றியதும் கவிழ்த்து ஒரு உதறு உதறினால் போதும், அடுத்த வீச்சுக்குத் தயார். கணவாயின் சதை மென்மை, முள்ளிருந்தால் கிழிந்துபோகும்.

"பாரமான மரம் கல்லுமாதிரிப் போயிடும். முருக்கெண்டால் யோசிச்சு யோசிச்சு இறங்கும். அந்த யோசிக்கிற நேரந்தான் எங்கட நேரம்." இது மாமாவின் பௌதிகம்.

நிறத்தைப் பற்றிக் கேட்டேன். கடையில் றோஸ், பச்சை, செம்மஞ்சள் என்று அடுக்கி வைத்திருக்கிறார்களே? "அது கணவாய்க்கில்லை பிள்ளை, காசு குடுக்கிறவனுக்கு." உயிரியலாளர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒரேயொரு வகை ஒளிநிறமிதான் உண்டு. எங்களைப்போல நிறம்பிரித்துப் பார்க்க அவற்றால் முடியாது. வெளிச்சமும் நிழலும் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். சுட்ட கறுப்பு வரி வெளிறிய மரத்தில் எடுப்பாகத் தெரிகிறதே, அதுதான் சங்கதி.

இலையிலும் ஓட்டிலும் செய்த பொய்

அப்படியென்றால் எங்கள் கடலோரத்தில் யப்பான்காரரும் வெள்ளைக்காரரும் வருமுன் பொய்யிரையே இருக்கவில்லையா? இருந்தது. ஆனால் அது மரத்தில் செதுக்கிய மீன் வடிவில் அல்ல.

சோழமண்டலக் கரையில், நாகபட்டினம் பக்கம், கோலாமீன் பிடிப்பதற்குக் கொழுஞ்சிச் செடியைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவது பேர்பெற்ற முறை. முட்டையிட இடம் தேடும் கோலா அந்தச் செடிக்கட்டில் வந்து அடையும். பாக்குநீரிணையில் சிலந்திச் சங்கின் வெற்றுக்கூடுகளை நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தாழ்ப்பார்கள். ஒளிக்க இடம் தேடும் பேய்க்கணவாய் அதற்குள் குடிபுகும்; கயிற்றை இழுத்தால் குடித்தனத்தோடு மேலே வரும். இந்த இரண்டிலும் பொய் சொல்வது பசியிடம் இல்லை. ஒன்று பிள்ளைபெற இடம் தருகிறேன் என்கிறது, மற்றது இருக்க வீடு தருகிறேன் என்கிறது.

இன்னொன்று எங்கள் எல்லோருடைய குசினியிலும் இருக்கிறது. சம்பலில் இடித்துப்போடும் மாசி. மாலைதீவில் சூரையைத் தடியும் நூலும் கொண்டு பிடிக்கும் முறையில், உயிருள்ள சின்ன மீனை இறைத்துக் கூட்டத்தை வெறிகொள்ளச் செய்துவிட்டு, முள்ளில்லாத மினுங்கும் தூண்டிலை வெறுமனே போடுவார்கள். மினுக்கமே இரை. மாமாவின் இறாலில் முள் இல்லாததற்கும் இதற்கும் நோக்கத்தில் ஒரு ஒற்றுமை உண்டு: கழற்ற நேரம் போகக்கூடாது.

இந்த முறைகளை அக்கறையோடு பதிந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹோர்னல். 1902இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரோடு மன்னார் முத்துச்சிப்பிகளை ஆராய இலங்கைக்கு வந்தவர். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையின் பணிப்பாளராகி 1924 வரை இருந்தார். வள்ளம், வலை, தூண்டில், பொறி என்று கண்ணில்பட்ட ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, உள்ளூர்ப் பெயரோடு எழுதினார். அவர் இறந்தபின் 1950இல் வெளியான 'ஃபிஷிங் இன் மெனி வோட்டர்ஸ்' என்ற நூலில் உலகின் பல கரைகளோடு எங்கள் கரையும் இருக்கிறது. குடியேற்ற அரசின் அதிகாரிதான். மீன்பிடியை வருமானக் கண்ணோடும் பார்த்தவர்தான். ஆனாலும் இன்று தமிழ் மீனவரின் பழைய கருவிகளைப் பற்றி எழுத நினைக்கிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அந்த வேலையை நாங்கள் செய்யாததும் அதற்கொரு காரணம்.

இன்னொரு காரணம் பொருளிலேயே இருக்கிறது. செடிக்கட்டு ஒரு பருவத்தில் அழுகிவிடும். சங்கு கயிறறுந்து கடலுக்கே போகும். ஈயத்தாள் ஒரே சீலாவின் கடியில் கிழியும். கண்ணாடி அலுமாரியில் வைக்க எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவதைத்தான் சரித்திரம் என்று சொல்லிப் பழகிய ஆட்களுக்கு, எங்கள் கரையில் ஒன்றுமே நடக்காத மாதிரித் தெரியும்.

பெரிய கப்பல்களின் துறைமுகம்

திருகோணமலையின் சரித்திரத்தை நாங்கள் படித்ததே பெரிய சாமான்களின் சரித்திரமாகத்தான். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர். 1795இல் இங்கிலீசுக்காரர். உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று புத்தகத்தில் வாசித்து மனப்பாடம் செய்தோம். யாருக்குச் சிறந்தது என்று கேட்கவில்லை.

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியே விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்துபோனது. அது முக்கால் நூற்றாண்டு தண்ணீருக்குள் கிடந்து, 2018இல் இலங்கைக் கடற்படையால் மேலே மிதக்கவைக்கப்பட்டபோது செய்தித்தாள்களில் படம் வந்தது. ஒரு கப்பலின் எலும்புக்கூட்டைத் தூக்கியெடுக்க மாதக்கணக்கில் உழைத்தார்கள். தவறென்று சொல்லவில்லை. அதுவும் சரித்திரம்தான். ஆனால் அதே தண்ணீரில் அதே காலத்தில் தூண்டில் போட்டவனின் கையில் என்ன இருந்தது?

பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை, டொக்யார்ட் என்பது எங்கள் ஊரில் பல குடும்பங்களுக்குச் சோறு. கடல்மாமாவின் அய்யாவும் அங்கே கூலிவேலை செய்தவர். குடும்பத்தில் ஒரு கதை இருக்கிறது. துறைமுகத்துக்குள் மோட்டார் போட்டில் போய் அறக்குளாவுக்கும் பாரைக்கும் தூண்டில் இழுக்கிற ஒரு வெள்ளைக்கார அதிகாரி, உடைந்துபோன மரமீன் ஒன்றை எறியக் கொடுத்தாராம். சிவப்புத் தலை, வெள்ளை உடல். மாமாவின் அய்யா அதை எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, முறிந்த இடத்தில் கம்பி போட்டு, இரண்டு பருவம் அதை வைத்தே மீன்பிடித்தார். பிறகு அதைப் பார்த்து வேறு நாலு செதுக்கினார்.

அது ஹெடனா, இங்கிலாந்தின் ரெடிச்சில் செய்ததா, யாருக்குத் தெரியும்? பெட்டி இல்லை. பெயர் இருந்த இடத்தில் பெயின்ற் இல்லை. ஏலக்காரரிடம் கொண்டுபோனால், 'திருத்தப்பட்டது, மதிப்பில்லை' என்று ஒதுக்கிவிடுவார். சேர்ப்பவர்களின் உலகத்தில் திருத்திய பொருளுக்கு விலை விழும். எங்கள் சரித்திரமே அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது.

மாமா கணவாய்க்கு இறங்கியது பிறகு. துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு மாலுமி, மீனுக்கு மாற்றாக ஒரு யப்பான் இறாலைக் கொடுத்திருக்கிறான். மாமா அதைப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் பாரில் மாட்டி அறுந்துபோனது. அறுந்த கவலையில் ஞாபகத்திலிருந்து செதுக்கியதுதான் கள்ள இறால். தகப்பன் இங்கிலீசு மீனைப் பார்த்துச் செதுக்கினார். மகன் குண்டுபோட்ட நாட்டின் இறாலை ஞாபகத்தில் வைத்துச் செதுக்கினார். இரண்டும் ஒரே பிஸ்கற் தகரத்தில் கிடந்தன.

தகரம் போன கதை

கிடந்தன என்றுதான் சொல்லவேண்டும்.

கணவாய்த் தொழில் இரவுத்தொழில். விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில், நிழல் தொடங்கும் இடத்தில்தான் கணவாய் நிற்கும். போர்க்காலத்தில் பல வருசம் இரவில் கடலுக்குப் போகத் தடை. பாஸ் வேண்டும், நேரம் உண்டு, தூரம் உண்டு, இயந்திரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. துறைமுகத்தின் பெரும்பகுதி கிட்டப் போகமுடியாத பாதுகாப்பு வலயம். மாமா அந்த வருசங்களில் பகலில் கரைவலை இழுத்தார், கூலிக்குப் போனார். இறால்கள் தகரத்துக்குள் தூங்கின. "அதுகளுக்கும் ஊரடங்குதான்" என்றார்.

2004 டிசம்பர் 26, போயா நாள், ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி இங்கே எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. மாமாவின் வீட்டில் ஆட்கள் தப்பினார்கள். வள்ளம், வலை, இயந்திரம், தகரம் எல்லாம் போனது. நிவாரணப் படிவத்தில் வள்ளத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, வலைக்கு ஒரு கட்டம் இருந்தது. தகரத்துக்குக் கட்டம் இல்லை. அவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. உயிர்போன ஊரில் ஒரு மர மீனுக்கு ஆர் அழுவது?

இந்த ஒரு இறால் மட்டும் எப்படித் தப்பியது? அது அப்போது வீட்டில் இல்லை. கிண்ணியாவில் மாமாவோடு சேர்ந்து தொழில் செய்த ஒரு முஸ்லிம் கூட்டாளி, அதைப் பார்த்துத் தானும் ஒன்று செய்யவென்று வாங்கிப் போயிருந்தார். அவருடைய வாடியும் கடலோடு போனது, வீடு உள்ளே தள்ளி இருந்ததால் இறால் மிஞ்சியது. 2005இல் ஒருநாள் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாராம். "உன்ர கையால செஞ்சது ஒண்டாவது உன்னட்ட கிடக்கட்டும்." அந்தத் துணிதான் இன்னும் சுற்றியிருக்கிறது.

மாமா அதை மீண்டும் கடலில் போடவில்லை. கேட்டால் "கம்பி துருப்பிடிச்சிட்டுது" என்கிறார். கம்பியை மாற்றலாம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எதைச் சேர்ப்பது?

இதை எழுதுவதில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. பழம்பொருள் என்று பெயர் வைத்தவுடன் விலை வரும். விலை வந்தவுடன் வாங்க ஆள் வருவான். நிலாவெளியில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற கடையில் நாளைக்குத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த 'பழைய' மர இறால்கள் தொங்கலாம். உண்மையான நாலைந்து கொழும்பில் யாரோ ஒருவரின் வரவேற்பறைச் சுவருக்குப் போகலாம். அப்படிப் போன பொருளில் என்ன இருக்கும்? மரமும் ஈயமும் இருக்கும். முருக்கு ஏன், வரி ஏன், முள் ஏன் இல்லை, தகரம் எங்கே போனது, துணி யாருடையது என்பவை எல்லாம் இங்கேயே நின்றுவிடும்.

அதனால் அமெரிக்கச் சேர்ப்பாளர்களிடமிருந்து ஒன்றை எடுக்கலாம், ஒன்றை விடலாம் என்று நினைக்கிறேன். எடுக்கவேண்டியது அவர்களுடைய கண். ஒரு கம்பியின் வளைவைப் பார்த்து ஆண்டைச் சொல்லும் அந்தப் பொறுமை. விடவேண்டியது, புதிதுபோல இருப்பதற்கே விலை என்ற கணக்கு. பாவிக்காத பொய்யிரை ஒரு கடைச்சாமான். மாமாவின் இறாலின் கழுத்தில் கணவாயின் அலகு கொத்திய சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன. அவை வந்த இரவுகளை எண்ணிப் பார்த்தால் ஒரு வாழ்க்கை வருசக்கணக்கில் கிடைக்கும்.

இதை வாசிக்கிற உங்களில் கரையோரத்து வீட்டுப் பிள்ளைகள் இருப்பீர்கள். குச்சவெளி, நிலாவெளி, பள்ளத்தோட்டம், கிண்ணியா, மூதூர், சம்பூர். 2006இல் இடம்பெயர்ந்து ஒன்பது வருசம் கழித்துத் திரும்பிய சம்பூர்க்காரரின் வீடுகளில் என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குள்ளே ஒரு கேள்வி. ஒன்றும் வாங்கவேண்டாம். எடுத்துக்கொண்டு வரவும் வேண்டாம். வீட்டில் தொழில் செய்த பெரியவர் யாரும் இருந்தால் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த மரம்? யாரைப் பார்த்துச் செய்தது? எந்த மீனுக்கு, எந்த மாதத்தில், எந்தப் பாரில்? அதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்லுவீர்கள்? கடைசியாக எப்போது போட்டீர்கள், ஏன் விட்டீர்கள்? ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவரைக் கொண்டு ஒரு தாளில் கீறச் சொல்லுங்கள். கையின் ஞாபகம் பொல்லாதது. ஹோர்னல் நூறு வருசத்துக்கு முன் ஒரு கொப்பியோடும் பென்சிலோடும் செய்த வேலைதான் இது. எங்களிடம் போன் இருக்கிறது, பாஷையும் இருக்கிறது.

நானும் அப்படியொரு தாளைக் கொண்டுபோய்க் கடல்மாமாவிடம் கொடுத்தேன். தகரத்தில் இருந்ததையெல்லாம் கீறச் சொன்னேன். ஏழு வந்தது. சிவப்புத்தலை மீனைக் கீறும்போது மட்டும் கை நின்றது. அய்யா கம்பிபோட்ட இடம் செட்டைக்கு முன்னாலா, பின்னாலா என்று அவருக்குச் சரியாக வரவில்லை. இரண்டு இடத்திலும் கோடுபோட்டுவிட்டு, "ரெண்டில ஒண்டு. கேக்கிறதுக்கு இப்ப ஆளில்லை" என்றார்.

பிறகு பொட்டலத்தைக் கட்டி மாடத்துக்குப் பின்னால் வைத்தார். விலை எவ்வளவு என்று அவர் திரும்பக் கேட்கவில்லை.